நேரடி விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு விமானத்தில் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்கள் எப்போதாவது இணையத்தில் தேடியிருந்தால், நான் எழுதிய பக்கம் ஒன்றைக் கட்டாயம் படித்திருப்பீர்கள். படித்துவிட்டுப் பல்லைக் கடித்தும் இருப்பீர்கள். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கேட்டது ஒரே ஓர் எண். நான் கொடுத்ததோ ஆறு பத்தி முன்னுரை, இரண்டு ஊர்களின் தட்பவெப்பம், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்ற ஆலோசனை, தூக்கம் வராவிட்டால் என்ன செய்யலாம் என்ற அக்கறை. நீங்கள் தேடிய எண் அடியில், விளம்பரங்களுக்கெல்லாம் கீழே, கூச்சப்பட்டுக்கொண்டு நின்றிருக்கும்.

அது என் பிழைப்பு. ஒரு டயர்க் கடையின் மாடியில், எப்போதும் ரப்பர் வாசனை அடிக்கும் நீளமான அறையில் உட்கார்ந்து, ஆசியாவின் நகரங்களை இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்து, அவற்றுக்கு நடுவே உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் எழுதுகிறேன். எழுதுகிறவன் விமானத்தில் ஏறியிருக்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. நான் ஏறியதில்லை. இன்று காலை வரை.

இப்போது ஏறிவிட்டேன். ஜன்னல் ஓர இருக்கை. இறக்கைக்கு மேலே வரும் வரிசையில் உட்கார்ந்தால் கீழே ஒரு மண்ணும் தெரியாது என்று எத்தனையோ பக்கங்களில் எச்சரித்திருக்கிறேன்; சரியாக அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் என் அண்ணன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். விமானம் இறங்குவதற்குள் அவனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்ணா" என்று ஏறும்போதே ஆரம்பித்தேன். "சொல்லேன்டா" என்றான். பெல்ட் போட்டதும் சொல்கிறேன் என்றேன். அப்புறம் சாப்பாடு வரட்டும் என்றேன். சாப்பாடு வந்தது, தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள், அவன் தூங்கிவிட்டான். எனவே முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் என்னைப் பொறுமையாகப் படித்துப் பழகியவர். இந்தப் பயணத்துக்கு மொத்தம் எவ்வளவு நேரம் என்று உடனே கேட்பீர்கள். கடைசியில் சொல்கிறேன். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலையில் கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. அந்தத் தூரத்தை விமானத்தின் சராசரி வேகத்தால் வகுக்க வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணி சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் நீங்கள் போய்விடுவீர்கள். நீங்கள் போய்விட்டால் விளம்பரத்தை யார் பார்ப்பது? ஆகவே எண்ணைத் தராமல் உங்களைப் பிடித்து வைக்க வேண்டும். வந்தவர் எவ்வளவு நேரம் பக்கத்தை விட்டுப் போகாமல் இருக்கிறார் என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் 'தங்கல்' என்று பெயர்.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜவ்வு. "பதிலைச் சொல்லிடாதீங்கய்யா. இதோ சொல்லப்போறோம், இதோ சொல்லப்போறோம்னு கூட்டிட்டே போங்க. பதில் கிடைச்சா ஆள் போயிடுவான். இதுகூடத் தெரியாம எதுக்கு இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கத்துவார். என்னைப் பார்த்து மட்டும் கத்தியதில்லை. தங்கலில் அந்த அறையிலேயே நான்தான் முதல். அதற்காகப் பாராட்டு விழா எதுவும் நடத்தவில்லை. என் நாற்காலிக்கு மட்டும் புதுச் சக்கரம் போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டில் நானும் அம்மாவும். இரண்டாவது மாடி, இரண்டு அறை, பால்கனி என்று சொல்லிக்கொள்ளத் துணி காயப்போடும் ஓர் இடம். அண்ணன் வேறொரு நாட்டில், பெரிய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இன்ஜினியர். அம்மாவுக்கு அவன் பெரியவன், நான் சின்னவன். எனக்கு நாற்பத்தாறு வயதாகியும் அதில் மாற்றமில்லை. அவன் போட்டோ ஃபிரிட்ஜின் மேல் சட்டம் போட்டு நிற்கும். என் போட்டோ கிடையாது. தினமும் அந்த ஃபிரிட்ஜைத் திறந்து மூடுகிறவனே நான்தானே, இவனுக்கு எதற்குப் போட்டோ என்று அம்மா நினைத்திருக்கலாம். யாராவது வந்து "பெரிய பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டால் வந்தவர் எழுந்து போகும்வரை பேசுவாள். "சின்னவன்?" என்று கேட்டால், "இருக்கான். ஏதோ தூரம் எழுதறான்" என்பாள். இதையெல்லாம் வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சரி, கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அம்மாவுக்கு இதயம் தளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். கால் வீங்கி, தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடிதான் அவளால் தூங்க முடிந்தது. மூச்சு விடுவதே அவளுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் முன் டாக்டர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ரொம்ப நாள் தாங்காது. கஷ்டப்படுறாங்க. பாக்க வேண்டியவங்க யாராவது இருந்தா உடனே வரச் சொல்லிடுங்க. சில பேர் யாருக்காகவோ உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்க வந்து ஒரு தடவை பாத்துட்டா நிம்மதியாப் போயிடுவாங்க."

நல்ல மனிதர். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் யாரிடம் போய்ச் சொன்னார் பாருங்கள். பதில் கிடைத்தால் ஆள் போய்விடும் என்பதை வைத்தே இத்தனை வருடம் சோறு தின்றவனிடம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அண்ணன் வந்தால் அம்மா போய்விடுவாள். அண்ணன் வராவிட்டால் அம்மா போகமாட்டாள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கணக்கு சரியாக இருந்தது.

அப்போதும் அண்ணனைக் கூப்பிடத்தான் போனேன், நம்புங்கள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் கட்டில் பக்கத்தில் நின்றபோது அம்மா கேட்டாள்.

"பெரியவன்கிட்ட சொல்லிட்டியாடா?"

"சொல்லிட்டேம்மா."

"வர்றானா?"

"கிளம்பிட்டான்."

வாய் தவறி வந்த பொய்தான். ஆனால் இரண்டு நாளாக ஒரு வாய் தண்ணீருக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவள், "கொஞ்சம் பால் குடு" என்றாள். தலை வாரிவிடச் சொன்னாள். நைட்டியை மாற்றச் சொன்னாள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் பூரித்துப்போய், "பெரிய பையன் வர்றார்னதும் முகமே மாறிடுச்சு பாருங்க சார்" என்றாள். நானும் பார்த்தேன். ஒரே வார்த்தையில் அம்மாவைப் பால் குடிக்க வைத்திருக்கிறேன். அந்த வார்த்தை என் பெயர் இல்லை என்பதை விட்டுவிடுவோம். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போனேன்.

அன்று சாயங்காலம் அண்ணனே கூப்பிட்டான்.

"அம்மா எப்படிடா இருக்கா?"

"தூங்குறாண்ணா. லேசா சளி."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"மாத்திரையை மாத்தி எழுதியிருக்காங்க. உப்பைக் குறைக்கச் சொன்னாங்க. கால் வீங்குது, அதனால தலையணை வெச்சுப் படுக்கணும்னாங்க."

விவரம் நிறைய, பதில் கிடையாது. ஜவ்வு கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்.

"நான் வரட்டுமாடா? ஒரே ஃபிளைட்தான். காலைல ஏறினா மதியச் சாப்பாட்டுக்கு அங்க இருப்பேன்."

"இப்ப எதுக்கு லீவை வீணாக்குற? இன்னும் நேரம் இருக்குண்ணா. நான் சொல்றேன்."

"நீ சொன்னா சரிதான். தூரம், நேரம் எல்லாம் உன் டிபார்ட்மென்ட்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சின்ன வயதிலிருந்தே அவன் ஜோக்குக்கு நான் சிரித்துவிடுவேன்.

அம்மா தூங்குவதும் விழிப்பதுமாகக் கிடந்தாள். விழிக்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "எங்க இருக்கான்?" ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும் அது அதே நாளாக இருந்தால் எனக்குச் சௌகரியம். ஜன்னல் திரையை இழுத்து ஊக்குக் குத்தினேன். வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று சொல்லிக்கொண்டேன். கூசுகிறது என்று அவள் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். காலண்டரை எடுத்து பீரோவுக்குப் பின்னால் போட்டேன். அவளுடைய போன், அண்ணன் கூப்பிட்டு இரண்டு தடவை அலறியது. அதை அணைத்துச் செருப்பு ஸ்டாண்டில் வைத்தேன். பக்கத்து வீட்டில் ஒருவன் தன் அம்மாவை இப்படி வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தால் நானே போலீசைக் கூப்பிட்டிருப்பேன். செய்யும்போது வீட்டை ஒழுங்குபடுத்துவதுபோலத்தான் இருந்தது. எல்லாம் அம்மாவுக்காகத்தான்.

பிறகு பறக்க ஆரம்பித்தோம்.

"நேரடி விமானம் பனிமூட்டத்துல ரத்தாயிடுச்சும்மா. சுத்திக்கிட்டு வர்றான்" என்றேன். ஏதோ ஒரு நகரத்தில் அவனை இறக்கினேன். அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் இடத்தில் பச்சைக் கம்பளம் போட்டிருக்கும் என்று நானே எழுதியிருக்கிறேன். யாரோ எழுதியதைப் பார்த்துத்தான் எழுதினேன். அண்ணனை அந்தக் கம்பளத்தில் உட்கார வைத்தேன். அவன் பெட்டி மட்டும் வேறு விமானத்தில் போய்விட்டது என்றேன். பெட்டியைத் தேடியதில் ஒரு நாள் ஓடியது.

"சாப்பிட்டானா?"

"ரொட்டியும் முட்டையும் குடுத்தாங்களாம்."

"முட்டை அவனுக்கு ஆகாதேடா."

"அதான் முட்டையை ஒதுக்கி வெச்சுட்டானாம்மா."

"ஐயோ, பசியோட வர்றானே" என்று கண் கலங்கினாள். அடுத்த முறை விழித்தபோது அவனுக்கு வயிறு நிறைய வாங்கிக் கொடுத்துவிட்டேன். கீழே கடல் தெரிகிறது என்றேன். மேகம் பஞ்சுப் பொதி மாதிரி கிடக்கிறது என்றேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி குழந்தையோடு வருகிறாள், அந்தக் குழந்தை அண்ணன் மூக்கைப் பிடித்து இழுக்கிறது என்றேன். மூச்சு வாங்க வாங்க அம்மா சிரித்தாள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் அப்படிக் கேட்டதில்லை. உண்மையைச் சொல்வதானால் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கட்டிலின் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வாய் கூசாமல் ரீல் விட்டுக்கொண்டிருந்தேன்.

நர்சுக்குத்தான் இடித்தது. ஒரு நாள் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"உங்க அண்ணன் எந்த வழியா வர்றார் சார்? என் தங்கச்சியும் அந்த ஊர்லதான் வேலை பாக்குறா. போன மாசம் வந்தா. காலைல ஏறினவ, மதியம் இங்க இறங்கிட்டா."

எதிர்க்காற்று, வான்வழி நெரிசல், மழைக்காலத்தில் மாற்றிவிடப்படும் பாதைகள் என்று நான் ஆறு பத்தி பேசினேன். அவள் முடிவு வரை கேட்டாள். கேட்டுவிட்டு, "அம்மா பாவம் சார்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அவளை அனுப்பும் இடத்துக்கு போன் செய்து, இனி நர்ஸ் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மூச்சு முட்டும்போது போடுகிற ஊசி அவளுக்குத்தான் போடத் தெரியும். எனக்கு மாத்திரை கொடுக்கத் தெரியும். மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மா கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயால் காற்றைத் தேடுவாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "இதோ இறங்கப்போறாம்மா" என்பேன்.

இந்த இடத்தில் நீங்கள் பக்கத்தை மூடிவிட நினைப்பீர்கள். கொஞ்சம் இருங்கள். பதில் இன்னும் வரவில்லை.

அண்ணன் மறுபடியும் கூப்பிட்டான்.

"அம்மா போன் ஏன்டா அணைஞ்சே கிடக்கு?"

"கீழ போட்டுட்டா. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

"சரி, உன் போனைக் குடு. ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

"இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்பவா?"

"வேணாம், வேணாம், தூங்கட்டும். எனக்கென்னவோ மனசே சரியில்லடா. டிக்கெட் போட்டுடறேனே?"

"அவசரப்படாதேண்ணா. இன்னும் நேரம் இருக்கு. நான் கூடத்தானே இருக்கேன்?"

"அதான்டா எனக்குத் தைரியமே" என்றான்.

டாக்டரும் போனில் விசாரித்தார். "இன்னும் இருக்காங்களா? ஆச்சரியம்தான். நல்லாப் பாத்துக்கிறீங்க போல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாதக் கடைசியில் என் தங்கல் கணக்கைப் பார்த்து ஜவ்வு தலையாட்டும்போது வருமே, அதே குளிர்ச்சி. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவை நான் கொல்லவில்லை. இதை ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. அவளைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். அவளுடைய உதடு கறுத்துவிட்டது. கால் தோல் நீர்கோத்துப் பளபளத்தது. தூக்கம் என்பதே போய், சாய்ந்தபடி மயங்குவதும் திடுக்கிட்டு விழிப்பதுமாக இருந்தாள். விழித்ததும் கதவைப் பார்ப்பாள். கடைசியில் ஒரு நாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியலடா கண்ணு. நான் போகணும். அவன் சீக்கிரம் வந்தாத் தேவலை."

"வந்துடுவாம்மா."

"எவ்வளவு நேரம்டா ஆகும்?"

என் வாழ்க்கையில் இந்தக் கேள்வியை எத்தனை லட்சம் பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள். ஒருவருக்கும் நான் நேராகப் பதில் சொன்னதில்லை. அன்றைக்கு முதல் தடவையாக, இதற்குமேல் இழுக்க என்னாலேயே முடியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பானே என்ற பயம் வந்துவிட்டது. அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், எனக்கு என் மானம். ஆகவே விமானத்தை நானே இறக்கினேன்.

அண்ணன் போன முறை விட்டுப்போன கோட் ஒன்று பீரோவில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டேன், தோளில் தொளதொளவென்று நின்றது. காலிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். எதிர் வீட்டுக்காரர் குப்பைப் பையோடு வந்தார். "ஊருக்கா?" என்றார். "ஊர்லேர்ந்து" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார். காலிங்பெல்லை அழுத்திவிட்டு, நானே சாவி போட்டுத் திறந்துகொண்டு உள்ளே போனேன். இருட்டு அறை, அவளுக்குக் கண்ணில் புரை, எனக்கும் அண்ணனுக்கும் ஒரே குரல். கூத்து அரங்கேற வேறென்ன வேண்டும்?

"அம்மா."

"பெரியவனே. வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா."

என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது.

"சின்னவன் எங்க?"

"மருந்து வாங்கப் போயிருக்கான்."

"நல்லதாப் போச்சு. அவனை வெச்சுக்கிட்டு இதைப் பேச முடியாது." மூச்சுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "அவனை இங்க விட்டுட்டுப் போயிடாதே. உன்கூடக் கூட்டிட்டுப் போயிடு. எனக்கப்புறம் சாப்பிட்டியான்னு அவனைக் கேக்க ஒரு ஆள் கிடையாது. தானா வாயைத் திறந்து எதுவும் கேக்கமாட்டான், ரோஷக்காரன். நீதான் இழுத்துட்டுப் போகணும். இதை உன்கிட்ட நேர்ல சொல்லத்தான்டா இவ்வளவு நேரம் கிடந்தேன்."

"சரிம்மா."

"ஃபிளைட்ல அவனுக்கு ஜன்னல் ஓரம் வாங்கிக் குடு. ஊர் ஊரா எழுதறான். ஒரு தடவைகூட ஏறினதில்ல, பாவம்."

"சரிம்மா."

"சத்தியமா?"

"சத்தியம்."

கையை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. மருந்து வாங்கப் போன சின்னவன் திரும்பி வந்தானா என்றுகூடக் கேட்கவில்லை. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் சொன்னது சரி. நிம்மதியாகத்தான் போனாள். நான் அந்தக் கோட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஓர் அழுகை என்னிடமிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. எதிர் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

அண்ணனுக்கு போன் செய்தேன். அடுத்த விமானத்தைப் பிடித்து அன்று மாலையே வந்துவிட்டான். காலையில் நான் நின்ற அதே இடத்தில் நின்று, அதே பெல்லை அழுத்தினான். வந்தவன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். பிறகு என்னிடம் கேட்டான்.

"கடைசியா என்னைக் கேட்டாளாடா?"

"கேட்டா. நீ வந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டுதான் போனா."

என்னைக் கட்டிக்கொண்டு விம்மினான். "நீயாவது கூட இருந்தியே. உனக்கு நான் என்னடா செய்யப்போறேன்?" என்றான். "பரவாயில்லண்ணா" என்றேன். என் பெருந்தன்மையைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வாரம் கூடவே இருந்தான். அம்மா சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எந்த அண்ணனிடம் சொன்னாள் என்று சொல்வது? ஆனால் ஒரு நாள் தட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தவன், "தனியா இங்க உக்காந்து என்ன பண்ணப்போற? என்கூட வந்துடு. தூரம் எழுதறதை அங்க இருந்து எழுதினா ஆகாதா?" என்றான். நான் வேண்டாம் என்றேன். "ரோஷத்தை மூட்டை கட்டி வெச்சுட்டுக் கிளம்புடா" என்று அதட்டினான். விமானத்தில் ஏறியதும், தன் சீட்டை என்னிடம் நீட்டி, "நீ ஜன்னல் ஓரம் உக்காரு. நீ ஏறினதே இல்லையே" என்றான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அவள் கேட்டதையெல்லாம் அவள் கேட்காமலே செய்கிறான். முதல் நாளே அவனை வரச் சொல்லியிருந்தால் அம்மாவுக்கு அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

சரி, பதில். இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே நேரடி விமானத்தில் ஆகும் நேரம் நான்கு மணி ஐம்பது நிமிடம். நான் அதை ஒன்பது நாளாக்கினேன். எல்லாம் அம்மாவுக்காகத்தான் என்று மேலே ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். அழித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், என் முகம் உங்களுக்கும் தெரியட்டும். சாகிற நேரத்திலும் அவள் பெரியவனைத்தான் கேட்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அவள் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று நினைத்தேன். அதற்காக அவளை ஒன்பது நாள் மூச்சுக்குத் தவிக்கவிட்டேன். அவள் தவித்துக்கொண்டு கிடந்தது எனக்காக. இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் போயிருப்பீர்கள்.

இப்போது ஒத்திகை முடிந்துவிட்டது. என்ன சொல்ல வேண்டும், எங்கே ஆரம்பிக்க வேண்டும் எல்லாம் தெளிவாக இருக்கிறது. விமானம் தாழ்ந்துகொண்டிருக்கிறது, காது அடைக்கிறது. பணிப்பெண் வந்து அண்ணனின் தோளைத் தொட்டு இருக்கையை நிமிர்த்தச் சொன்னாள். அவன் திடுக்கிட்டு விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தான்.

"அட, வந்தாச்சா? வழியெல்லாம் தூங்கிட்டேனேடா. எழுப்பியிருக்கக் கூடாது?" என்றான். பிறகு என் முழங்காலில் தட்டினான். "ஏதோ சொல்லணும்னியே, என்னது?"

இறக்கைக்கு அப்பால் தரை மேலே வந்துகொண்டிருந்தது. அவன் அம்மாவின் கண்களை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தான்.

"அப்புறம் சொல்றேண்ணா" என்றேன். "இன்னும் நேரம் இருக்கு."